குருதிப் பூச்சும் தாவரச் சாயமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆய்வுகூடங்களில் குருதியைப் பரிசோதிக்கப் பயன்படும் செயற்கைச் சாயங்களை விலக்கிவிட்டு, மருதோன்றி, செவ்வரத்தை, பீற்றூட், மஞ்சள் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் சாயங்களைக் கைக்கொள்ளலாம் என்று வலியுறுத்தும் கட்டுரையொன்று அண்மையில் தங்கள் பத்திரிகையின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்திருந்தது. தொழில்வாழ்வின் பெரும்பகுதியை நுணுக்குக்காட்டியின் முன்னே கழித்து ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளன் என்ற வகையில் அக்கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். நமது மண்ணில் விளைவதைக் கொண்டு நமது தேவையை நிறைவுசெய்ய வேண்டும் என்ற அதன் விருப்பத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆயினும், செயற்கைச் சாயம் நஞ்சு, தாவரச் சாயம் தீங்கற்றது என்று அது வகுத்த பிரிவும், எந்த ஆய்வுகூடமும் விரும்பினால் நாளையே மாறிவிடலாம் என்ற தொனியும் வாசகர்களைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்லக்கூடியவை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில், ஒரு துளி குருதிக்கு நாம் ஏன் நிறமூட்டுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கண்ணாடி வழுக்கியின் மேல் மெல்லிதாக இழுத்துக் காயவிடப்பட்ட குருதிப் பூச்சில் செங்குழியங்கள், பல வகை வெண்குழியங்கள், குருதிச் சிறுதட்டுகள் என அனைத்தும் இருக்கும். நிறமூட்டாமல் பார்த்தால் அவற்றுள் பெரும்பாலானவை வெளிறிய வட்டங்களாகவே தெரியும். சாயத்தின் பணி அவற்றைச் சிவப்பாகவோ நீலமாகவோ ஆக்குவதன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டுவதே அதன் பணி. செங்குழியத்தில் உள்ள ஹீமோகுளோபின் காரத்தன்மை கொண்ட புரதமாக நடந்துகொண்டு, எதிர் மின்னேற்றம் உடைய இயோசின் என்னும் சிவப்புச் சாயத்தைப் பற்றி இளஞ்சிவப்பாகிறது. வெண்குழியத்தின் கருவில் உள்ள டி.என்.ஏ. எதிரேற்றம் உடையதாகையால், நேரேற்றம் உடைய நீலச் சாயத்தை ஈர்க்கிறது. வெண்குழிய வகைகளுள் இயோசினோபில்லின் மணிகள் செம்மஞ்சளாகவும், பேசோபில்லின் மணிகள் கருநீலமாகவும், நியூட்ரோபில்லின் மணிகள் அவற்றுக்கு இடைப்பட்ட மென்மையான ஊதாவாகவும் தெரிவதற்கு ஏற்றங்களின் இந்த நுட்பமான கணக்கே காரணம். வைத்தியர்கள் பிளட் பிக்சர் என்று எழுதித் தரும் பரிசோதனையில் நாங்கள் அறிக்கையிடும் ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லும் இந்த நிற வேறுபாடுகளின் மேல்தான் நிற்கிறது.

இந்த வேறுபாட்டை எட்டுவதற்கு அறிவியலுக்கு நெடுங்காலம் பிடித்தது. மெதிலீன் நீலம் 1876இல் ஜேர்மனியில் ஹைன்ரிஹ் காரோவினால் ஆக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுள் போல் ஏர்லிஹ் செயற்கைச் சாயங்களைக் கொண்டு வெண்குழியங்களை வகைபிரிக்கத் தொடங்கினார். 1891இல் ரஷ்யரான ரொமனோவ்ஸ்கி, பழுதடைந்து மாற்றமடைந்த மெதிலீன் நீலக் கரைசலை இயோசினுடன் கலந்தபோது, மலேரியா ஒட்டுண்ணியின் கரு இரண்டு சாயங்களுக்கும் உரித்தல்லாத ஊதாச் சிவப்பு நிறத்தில் தோன்றியதை விவரித்தார். மெதிலீன் நீலம் பழுதடையும்போது உண்டாகும் அசூர் பி என்னும் சாயமும் இயோசினும் டி.என்.ஏ.யின் மேல் ஒன்றுகூடும்போதே அந்த நிறம் பிறக்கிறது என்பது பின்னர் விளங்கியது. 1901இல் லீஷ்மன், 1904இல் கீம்சா ஆகியோர் இதே அடிப்படையை நம்பகமான கரைசல்களாக ஆக்கித் தந்தார்கள். இன்று யாழ்ப்பாணத்தின் எந்த ஆய்வுகூடத்துக்குச் சென்றாலும் அலுமாரியில் லீஷ்மன் போத்தலைக் காணலாம். 1984இல் குருதியியலுக்கான சர்வதேசத் தரநிர்ணயக் குழு, தூய அசூர் பி, தூய இயோசின் ஆகிய இரண்டை மட்டும் கொண்ட நியமக் கரைசலைப் பரிந்துரைத்ததும் இந்த விளைவை எங்கும் ஒரே சீராகப் பெறுவதற்காகத்தான்.

இப்பொழுது தாவரச் சாயங்களுக்கு வருவோம். மருதோன்றி இலையில் உள்ள லோசோன் மென்மையான அமிலத்தன்மை உடையது. மஞ்சளின் குர்குமின், பீற்றூட்டின் பீற்றனின் ஆகியனவும் நடுநிலையான ஊடகத்தில் நேரேற்றம் உடைய சாயங்களாக நடந்துகொள்வதில்லை. ஆகவே இவற்றுள் நிறமூட்டக்கூடியவை செங்குழியத்தையும் கலத்தின் முதலுருவையும் நிறமூட்டும். கருவைத் தாமாகச் சென்று பற்றுவதில்லை. இயோசினின் வேலையில் ஒரு பகுதியை அவை செய்யக்கூடும் என்று சொல்லலாம். ஆனால் வழுக்கி முழுவதும் ஒரே செம்மஞ்சளாக மாறிவிட்ட படமொன்றைக் காட்டி, குருதிக் கலங்கள் நிறம்பெற்றுவிட்டன என்று கூறுவது, பரிசோதனை வெற்றியடைந்தது என்று கூறுவதாகாது. நிமோனியா நோயாளியின் குருதியில் முதிராத நியூட்ரோபில்கள் எத்தனை வீதம், இரும்புச்சத்துக் குறைந்த பெண்ணின் செங்குழியங்கள் எவ்வளவு வெளிறியுள்ளன, குருதிப் புற்றுநோய்க்குரிய இளங்கலங்கள் உள்ளனவா என்பவற்றை அந்த வழுக்கியில் பார்த்துச் சொல்ல முடிந்தாலொழிய, அது நோயாளிக்கு உதவாது.

மலேரியாவின் விடயம் இன்னும் கடினமானது. 2012இன் பின்னர் இந்நாட்டிலேயே தொற்றிய மலேரியா நோயாளி எவரும் பதிவாகாத நிலையில், 2016 செப்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. நோய் அற்றுப்போனதால் பரிசோதனை தேவையற்றதாகிவிடவில்லை. வெளிநாடு சென்று காய்ச்சலோடு திரும்புவோரின் குருதி இன்றும் கீம்சாச் சாயத்தில் பார்க்கப்படுகிறது. ஒருவரில் தவறவிட்டால் நுளம்பு அதைப் பரப்புவதற்கு வாய்ப்புண்டு. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு இறங்கிய மலேரியா, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெருந்தொற்றாகத் திரும்பிவந்ததை முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சிவந்த புள்ளியாகிய கருவும் அதைச் சுற்றிய நீல முதலுருவுமாகத் தெரியும் ஒட்டுண்ணியை, சாய அழுக்கு ஒன்றிலிருந்து பிரித்தறிவதற்கு ரொமனோவ்ஸ்கியின் அந்த இரட்டை நிறமே ஆதாரம். அந்த இடத்தில் பீற்றூட் சாற்றுக்கு இடமில்லை என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

அடுத்து, நஞ்சு என்ற வாதம். மெதிலீன் நீலம் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ள மருந்து. குருதியில் ஒட்சிசனைக் காவ முடியாத மெதீமோகுளோபின் அதிகரித்து உடல் நீலம்பாரிக்கும்போது அதை நோயாளியின் நாளத்தில் ஏற்றுகிறார்கள். 1891இல் ஏர்லிஹ்வும் குட்மனும் மலேரியா நோயாளிகளுக்கே அதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இயோசினும் கொடிய நஞ்சன்று. லீஷ்மன் கரைசலில் 100 மில்லிலீற்றருக்கு 0.15 கிராம் தூளே கரைக்கப்படுகிறது. எஞ்சியதெல்லாம் மெதனோல், அஞ்ச வேண்டியது அதைத்தான். எளிதில் தீப்பற்றுவது, ஆவியாகச் சுவாசிக்கப்படுவது, குடித்தால் பார்வையையும் உயிரையும் பறிப்பது. ஆனால் கலங்களை வழுக்கியில் நிலைநிறுத்துவதே அந்த மெதனோல்தான். தாவரச் சாயத்தைப் பயன்படுத்தினாலும் பூச்சை முதலில் மெதனோலில் நிலைநிறுத்த வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, தாவரத்திலிருந்து சாயத்தைப் பிரித்தெடுப்பதற்கும் பெரும்பாலும் எதனோலையோ மெதனோலையோதான் பயன்படுத்துகிறார்கள். இலை பச்சையாக இருந்தால் எல்லாம் பச்சையாகிவிடாது.

குருதி ஆய்வுகூடத்தின் உண்மையான நஞ்சுகள் சாயப் போத்தலுக்குப் பக்கத்துத் தட்டில் இருந்தன. சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. செங்குழியங்களைக் கையால் எண்ணுவதற்குப் பயன்பட்ட ஹேயம் திரவத்தில் மேர்க்குரிக் குளோரைட்டு உண்டு. ஹீமோகுளோபினை அளக்கும் டிராப்கின் கரைசலில் சயனைட்டு உண்டு. அளவு சிறிதெனினும், அதை அமிலக் கழிவுடன் ஒரே தொட்டியில் ஊற்றினால் ஹைதரசன் சயனைட்டு வாயு வெளியேறும். இவற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல், இயோசினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதுதான் அக்கட்டுரையில் எனக்கு ஏற்பட்ட பெரிய மனக்குறை.

கழிவைப் பற்றிய கவலை யாழ்ப்பாணத்தில் மற்றெந்த இடத்தையும்விட நியாயமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத இக்குடாநாடு, சுண்ணாம்புக் கற்படைக்குள் மழை சேர்த்துவைத்த நீரையே குடிக்கிறது. வெடிப்பும் பொந்துமாக உள்ள அந்தப் படையில் மேலே ஊற்றப்படுவது கீழே இறங்குவதற்கு அதிக காலம் எடுப்பதில்லை. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரமும், உரப் பாவனையாலும் மலசலகூடக் குழிகளாலும் கிணற்றுநீரில் ஏறியுள்ள நைத்திரேற்றும் நமக்குத் தெரிந்தவையே. சிறிய ஆய்வுகூடங்களின் கைகழுவும் தொட்டி எந்தக் குழிக்குச் செல்கிறது என்று எவரும் கேட்பதில்லை. மெதனோல், சயனைட்டு, மேர்க்குரி ஆகிய கழிவுகளைத் தனித்தனிக் கலங்களில் சேகரித்து, முறைப்படி அகற்றுவதற்கு ஒப்படைக்கும் ஏற்பாடு எல்லாத் தனியார் ஆய்வுகூடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும். சாயத்தை மாற்றுவதைவிட இதுவே நமது கிணறுகளுக்கு உடனடியாகப் பயன்தரும்.

அதே கிணற்றுநீர் சாயமூட்டலையும் பாதிக்கிறது. லீஷ்மன் சாயத்தை ஐதாக்குவதற்கும் கழுவுவதற்கும் அமில-கார அளவு (பி.எச்.) 6.8இல் மாறாமல் வைக்கப்பட்ட தாங்கற்கரைசல் தேவை. மலேரியாவுக்கான கீம்சாவுக்கு 7.2. சுண்ணாம்பு கரைந்த நம்முடைய கிணற்றுநீரில் வழுக்கியைக் கழுவினால் செங்குழியங்கள் இளஞ்சிவப்பாக இராமல் சாம்பல் நீலமாகிவிடும். காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தாத ஆய்வுகூடத்தை அதன் வழுக்கிகளின் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். தாவரச் சாயங்கள் இந்த விடயத்தில் இன்னும் பலவீனமானவை. செவ்வரத்தையிலும் நீலக் காக்கணம் பூவிலும் உள்ள அந்தோசயனின்கள் அமிலத்தில் சிவந்தும், நடுநிலையில் ஊதாவாகவோ நீலமாகவோ மாறியும், காரத்தில் பச்சை கலந்தும் தோன்றும். நீலக் காக்கணம் பூ ஊறிய நீரில் தேசிக்காய்ப் புளி பிழிந்து நிறம் மாறுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது விளங்கும். காலையில் ஒரு நிறமும் மாலையில் வேறொரு நிறமுமாக வரும் வழுக்கியை வைத்து அறிக்கை எழுத முடியாது. கூடவே, நமது வெயிலிலும் வெப்பத்திலும் சாறுகள் சில நாட்களில் நிறம் மங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். லீஷ்மன் கரைசலோ நன்றாக மூடிவைத்தால் மாதக்கணக்கில் நிற்கும், சற்றுப் பழகினால் இன்னும் நன்றாக வேலைசெய்யும்.

இவ்வளவும் சொல்வதால் தாவரச் சாயங்களை நான் எள்ளிநகையாடுவதாக எண்ண வேண்டாம். நுணுக்குக்காட்டிக்கான சாயமூட்டலின் வரலாறு தாவரச் சாயத்தோடுதான் தொடங்குகிறது. 1714இல் நுணுக்குக்காட்டி ஆய்வின் முன்னோடியான லீவன்ஹூக் தசை நார்களைப் பார்ப்பதற்குக் குங்குமப்பூவின் சாயத்தைப் பயன்படுத்தினார். அதைவிட முக்கியமாக, இன்றுவரை உலகெங்கும் புற்றுநோயைக் கண்டறிவதற்கு இழையவியல் ஆய்வுகூடங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் ஹீமடொக்சிலின் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து (உட்கட்டையிலிருந்து) எடுக்கப்படுவது. மெக்சிக்கோவின் கம்பேச்சிக் கரையோரத்துக்குரிய அந்த மரத்தை வெட்டி ஏற்றுமதி செய்வதற்காகக் குடியேறியவர்களிலிருந்துதான் பெலீஸ் என்ற நாடே உருவாகியது. செயற்கைச் சாயங்கள் பெருகிய பின்னரும் ஹீமடொக்சிலினை அவற்றால் இடம்பெயர்க்க முடியவில்லை. யாழ். போதனா வைத்தியசாலையில் அகற்றப்படும் கட்டியொன்று நோயியல் பிரிவுக்குச் செல்லும்போது, அதன் கலங்களின் கருக்களை நீலமாக்குவது ஒரு தாவரச் சாயந்தான். இந்த உண்மையை அக்கட்டுரை தொட்டிருந்தால் அதன் வாதம் பன்மடங்கு வலுப்பெற்றிருக்கும்.

ஹீமடொக்சிலினின் வரலாற்றில் நமக்கு வேண்டிய பாடமும் அடங்கியிருக்கிறது. 1863இல் வால்டையர் அந்த மரத்தின் சாற்றை மட்டும் நீரில் கரைத்துப் பயன்படுத்தியபோது விளைவு சுமாராகவே இருந்தது. 1865இல் பேமர் அதனுடன் படிகாரத்தைச் சேர்த்த பின்னரே கருக்கள் தெளிவாக நிறம்பெற்றன. சாயம் காற்றில் ஒட்சியேற்றமடைந்து ஹீமட்டீனாக மாறுகிறது, படிகாரத்தின் அலுமினியம் அதனோடு இணைந்து நேரேற்றம் உடைய சேர்வையை உண்டாக்குகிறது, அச்சேர்வையே டி.என்.ஏ.யைப் பற்றுகிறது. ஆக, இலையையோ பூவையோ அவித்து வடித்து வழுக்கியில் ஊற்றுவது 1863ஆம் ஆண்டுக்குத் திரும்பிச் செல்வது. நிறம்பிடிக்கச் செய்யும் உலோக உப்பு எது, ஊடகத்தின் அமிலத்தன்மை என்ன, ஒட்சியேற்றம் எவ்வளவு என்ற மூன்றையும் ஆராயாத வரையில் எந்தத் தாவரத்துக்கும் நியாயம் செய்தவராக மாட்டோம்.

அப்படியானால் எந்தத் தாவரத்தில் தொடங்கலாம்? என்னைக் கேட்டால் மருதோன்றியிலோ பீற்றூட்டிலோ அல்ல, பதங்கம் என்றும் பதிமுகம் என்றும் வழங்கும் மரத்தில் என்பேன். அதன் வைரத்தில் உள்ள பிரசிலின், ஹீமடொக்சிலினின் நெருங்கிய உறவு. இரண்டின் மூலக்கூறுகளுக்கும் இடையே ஒரேயொரு ஒட்சிசன் அணுவே வேறுபாடு. அதுவும் ஒட்சியேற்றமடைந்து பிரசிலீனாக மாறி, படிகாரத்தோடு சேர்ந்து கருக்களைச் சிவப்பாக நிறமூட்டக்கூடியது. இலங்கையில் வளரும் மரம். தெற்கே பாய்க்கும் ஆடைக்கும் சாயமாகப் பயன்பட்டது. சித்த, ஆயுர்வேத மருந்துச் சரக்குக் கடைகளில் கட்டையாகக் கிடைக்கும். படிகாரமும் அதே கடையில் கிடைக்கும். கருவை இதனால் நிறமூட்டி, செங்குழியத்துக்கு அமிலத்தன்மையுள்ள வேறொரு தாவரச் சாயத்தை இணைத்தால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்று பார்ப்பது அறிவுடைய ஆய்வாக இருக்கும். இரண்டும் சிவப்பாகவே அமைந்துவிடுமென்ற இடர்ப்பாடு உண்டு. படிகாரத்துக்குப் பதிலாக இரும்பு உப்பைச் சேர்த்தால் கருமையான சேர்வை கிடைக்கும் என்பதால் அதற்கும் வழியில்லாமற் போகவில்லை.

நமது பகுதிக்கே உரிய சாயவேரையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலங்களில் தோண்டி எடுக்கப்பட்ட இவ்வேர், துணிக்குச் செந்நிறமூட்டும் பொருளாக அரசுக்கு வருமானம் தந்தது. இத்தகைய வேர்களுக்குச் செந்நிறம் தரும் அலிசரின் ஐரோப்பாவில் 1868–69இல் செயற்கையாக ஆக்கப்பட்ட பின்னர் உலகெங்கும் அவற்றின் வாணிபம் சரிந்தது. இன்று இழையவியலில் கல்சியப் படிவுகளைக் காட்டுவதற்குப் பயன்படும் அலிசரின் சிவப்பு, இவ்வேரிலும் உள்ள அலிசரினின் செயற்கை வழிவந்தது. குருதிப் பூச்சுக்குச் சாயவேர் உடனடியாகப் பொருந்தும் என்று நான் கருதவில்லை. ஆனால் படிகாரம் இட்டால் துணியில் ஒரு நிறமும் இரும்பு இட்டால் வேறொரு நிறமும் வரும் என்பதை நமது சாயக்காரர்கள் நன்கறிந்திருந்தார்கள் என்பதால், அந்த வேரைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல், வேதியியல் மாணவர்கள் ஒருமுறையேனும் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும்.

தாவரச் சாயத்துக்குப் பொருத்தமானது என்று நான் கருதும் இன்னோர் இடம் இருக்கிறது. அதை எவரும் பேசுவதில்லை. கோடிட்ட கண்ணாடியாலான எண்ணற்கூடத்தில் வெண்குழியங்களைக் கையால் எண்ணுவதற்கு டேர்க் திரவத்தைப் பயன்படுத்துகிறோம். அதில் உள்ள அசற்றிக் அமிலம் செங்குழியங்களைச் சிதைத்துவிடும். அதில் சேர்க்கப்படும் சிறிதளவு ஜென்சன் ஊதா வெண்குழியத்தின் கருவை மெலிதாக நிறமூட்டும். இங்கே நமக்கு வேண்டியது கரு இருக்கிறதா என்பது மட்டுமே. எந்த வகைக் கலம் என்ற கேள்வியே இல்லை. அந்தோசயனின்கள் அமிலத்தில்தான் நேரேற்றம் பெற்றுச் சிவக்கின்றன, அமிலத்தில்தான் ஒப்பீட்டளவில் நிலைத்தும் நிற்கின்றன. அவற்றின் பலவீனம் எனச் சொன்ன அதே இயல்பு இந்தத் திரவத்தில் பலமாக மாற வாய்ப்புண்டு. புதிதாகத் தயாரித்த நீலக் காக்கணம் சாற்றை ஜென்சன் ஊதாவின் இடத்தில் வைத்து, இரண்டு திரவத்திலும் ஒரே குருதியை எண்ணி ஒப்பிடுவது ஒரு பட்டதாரி மாணவனின் ஆய்வுக்கு ஏற்ற, செலவில்லாத, தெளிவான விடையுள்ள கேள்வி. முழுக் குருதி எண்ணிக்கையைத் தானியங்கிக் கருவிகள் செய்யும் இக்காலத்தில் கையால் எண்ணுவது அருகிவிட்டது என்று சொல்லக்கூடும். உண்மைதான், எனினும் கருவி பழுதுபட்ட நாளிலும், மூளைய முண்ணாண் பாய்பொருளில் கலங்களை எண்ணும்போதும், மாணவர்க்குக் கற்பிக்கும்போதும் அந்த எண்ணற்கூடம் இன்னும் வெளியே வருகிறது. தானியங்கிக் கருவிகளுக்குள் செல்லும் சாயங்கள் அவற்றின் உற்பத்தியாளர்கள் மூடிய பொதியாகத் தருபவை. அங்கே நாம் கைவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. டெங்குக் காலத்தில் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கைக்காகக் காத்திருக்கும் பெற்றோரின் முன்னே பரிசோதனை முயற்சிகளுக்கு இடமில்லை.

பாடசாலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயர்தர உயிரியல் மாணவர்க்கு வெங்காயத் தோலையும் கன்னத்தின் உட்புறக் கலத்தையும் காட்டுவதற்குச் சாயம் வாங்கப் பணமில்லை என்று குறைப்படும் ஆசிரியர்கள் பதங்கக் கட்டையும் படிகாரமும் கொண்டு இன்றே தொடங்கலாம். அங்கே பிழைத்தால் யாருக்கும் தீங்கில்லை; ஏற்றமும் நிறமும் பற்றிய பாடமும் கூடவே கிடைக்கும்.

தட்டுப்பாடு என்ற காரணமும் அக்கட்டுரையில் இருந்தது; அதை மறுக்க எனக்கு மனமில்லை. 1990களில் பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் சேர்ந்திருந்த காலத்தில், கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பி நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள் நாங்கள். சாயத்தூள் போத்தலின் அடி தெரியத் தொடங்கும்போது ஏற்படும் கலக்கத்தை இன்றைய இளம் தொழில்நுட்பவியலாளர்கள் 2022இன் நெருக்கடியில் ஓரளவு உணர்ந்திருப்பார்கள். உலகிலும் இது புதியதன்று. முதலாம் உலகப் போரின்போது ஜேர்மனியச் சாயங்கள் வருவது நின்றபோது, அமெரிக்க ஆய்வுகூடங்கள் திண்டாடின. தமது நாட்டில் உற்பத்தியான சாயங்கள் தொகுதிக்குத் தொகுதி வேறுபட்டதால், அவற்றைச் சோதித்துச் சான்றளிப்பதற்கென உயிரியற் சாயங்களுக்கான ஆணைக்குழுவை 1922இல் அமைத்தார்கள். பற்றாக்குறைக்கு அவர்கள் கண்ட விடை கிடைத்ததைப் பயன்படுத்துவதன்று, தரத்தை நிர்ணயிப்பதாக இருந்தது. மேலும், உள்ளூர்த் தாவரம் என்றவுடன் தட்டுப்பாடு நீங்கிவிடும் என்று கொள்வதும் பொருந்தாது. மஞ்சள் இறக்குமதி தடைப்பட்ட 2020இல் அது எட்டாத விலைக்கு ஏறியதையும், வடக்குக் கரையோரங்களில் கடற்படையினர் மஞ்சள் மூடைகளைக் கைப்பற்றியதையும் தங்கள் பத்திரிகையிலேயே வாசித்திருக்கிறோம்.

ஆகவே எனது வேண்டுகோள் இரண்டு. முதலாவது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைமருத்துவத் துறையினரும், தாவரவியல் துறையினரும், கைதடியில் சித்த மருத்துவம் கற்பிப்போரும் சேர்ந்து ஒழுங்கான ஒப்பீடொன்றைச் செய்ய வேண்டும். தாவரத்தை இனங்கண்டு மாதிரியைப் பதிவுசெய்து வைக்க வேண்டும். ஒழுக்கவியல் குழுவின் அனுமதியோடு, ஒரே குருதித் துளியிலிருந்து இரண்டு பூச்சுகள் எடுத்து, ஒன்றை லீஷ்மனிலும் மற்றையதைத் தாவரச் சாயத்திலும் நிறமூட்ட வேண்டும். வழுக்கிகளுக்கு இரகசிய இலக்கமிட்டு, எவருடைய குருதி என்பதை அறியாத அனுபவமுள்ள இருவர் தனித்தனியே வெண்குழியங்களை வகைபிரித்து எண்ண வேண்டும்; சாயம் எது என்பது நிறத்திலேயே தெரிந்துவிடுமாகையால், ஒரே நோயாளியின் இரு வழுக்கிகளும் அடுத்தடுத்து அவர்களிடம் போகாதபடி கலைத்துக் கொடுக்க வேண்டும். அதே கரைசலை ஒரு மாதம், மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மாரியில் பறித்த இலைக்கும் கோடையில் பறித்த இலைக்கும் வேறுபாடு உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஆரோக்கியமானவர்களின் குருதியோடு நின்றுவிடாமல், குருதிச்சோகை உடையவர்கள், இயோசினோபில் மிகுந்தவர்கள், குருதிப் புற்றுநோயாளர்கள் ஆகியோரின் பூச்சுகளிலும் சாயம் தாக்குப்பிடிக்கிறதா என்பதைக் காண வேண்டும். சாயம் தோற்கும் இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது வேண்டுகோள் தங்களிடம். ஒரு தாவரம் குருதிக் கலங்களுக்கு நிறமூட்டியது என்ற செய்தி வரும்போது, எந்தக் கலம், எந்த நிறம், எந்தச் சாயத்தோடு ஒப்பிட்டது, எத்தனை நாள் நின்றது என்ற கேள்விகளைத் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும். மேற்சொன்ன ஒப்பீடு நடந்து, தாவரச் சாயம் லீஷ்மனுக்கு ஈடாகவில்லை என்று முடிவு வந்தாலும், கருக்கள் தெரியாத அந்த வழுக்கியின் படத்தையும் தெரியும் வழுக்கியின் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில், வண்ணத்தில், அதே அறிவியல் பக்கத்தில் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளன்,
யாழ்ப்பாணம்.